ஷார்ட்ஸ்டாப் நிற்கும் மண்

1

முனிராஜ் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். ஓசூரில் ஒரே கம்பெனியில் ஒரே ரோலரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தவர்கள் நாங்கள்.

"ஒரேய் சாதிக், நீ போயி பத்து வருசம் ஆச்சுடா. இங்கியும் மண்ணு, அங்க போயும் மண்ணுதான் கெளர்றியாம். அதுக்கு எதுக்குடா ஏரோப்ளேனு? அங்க என்னா பண்றேன்னு நாலு வரி எழுதி அனுப்பு. பசங்க படிக்கணும்னு கேக்கறானுங்க."

எட்டாவது வரைதான் நான் படித்தேன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் அவன் கேட்ட அதே வாரம் இங்கே ஒரு காரியம் நடந்தது. வில்மர் என்ற ஆட்டக்காரன் பேஸ்பாலை விட்டுவிட்டான். அவனுக்கு நான் ஒரு கெடுதல் செய்திருந்தேன். ஆறு வருடமாக அவனிடம் அதைச் சொல்லவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

2

நான் இருப்பது அமெரிக்காவின் நடுவில் மக்காச்சோளம் விளைகிற ஒரு ஊர். என் மனைவி ரஹமத் காவேரிப்பட்டினத்துப் பெண். நர்ஸ். பரீட்சை எழுதி விசா வாங்கியது அவள். நான் அவள் பின்னால் வந்தவன். நாலு வருடம் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன், குடோனில் பெட்டி ஏற்றினேன். பிறகு பேஸ்பால் மைதானத்தில் வேலை கிடைத்தது. மைதானத்து மண்ணைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

பேஸ்பால் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். மைதானத்தில் சதுரமாக நாலு மூலை. மூலைக்கு பேஸ் என்று பெயர். பந்தை அடித்தவன் முதல் பேஸுக்கு ஓட வேண்டும். அவன் போய்ச் சேருவதற்குள் பந்து அங்கே போய்விட்டால் அவன் அவுட். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் ஒருவன் நிற்பான். அவன்தான் ஷார்ட்ஸ்டாப். தரையோடு வருகிற பந்தில் பாதி அவனிடம்தான் வரும். குனிந்து எடுத்து, நிமிர்ந்து, எதிர்மூலைக்கு எறிய வேண்டும். ஒரு தும்மல் போடுகிற நேரம்தான் இருக்கும்.

அவன் நிற்பது புல்லில் இல்லை, மண்ணில். களியும் மணலும் கலந்த செம்மண். அது கல்லாக இருந்தால் பந்து அவன் முகத்துக்கு எகிறும். சேறாக இருந்தால் பந்து செத்துவிடும், அவன் காலும் வழுக்கும். நடுவாக இருக்க வேண்டும். சாவியைச் செருகி எடுத்தால் மண் சாவியில் ஒட்டக்கூடாது, தரையில் குத்தின தடம் உதிரவும் கூடாது. அந்தப் பதத்துக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

இந்த ஆட்டத்தில் படிகள் உண்டு. எங்கள் ஊர் டீம் மேல்படிக்கு ஒரு படி கீழே. மேலே ஏறினவன் டிவியில் வருவான். ஏறாதவன் பஸ்ஸில் ஊர் ஊராகப் போவான்.

வில்மர் டொமினிக்கன் நாட்டுக்காரன். பதினாறு வயதில் கையெழுத்துப் போட்டு, பதினெட்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்து, படிப்படியாக ஏறி இருபத்தைந்தில் எங்கள் ஊருக்கு வந்தான். நான் வேலைக்குச் சேர்ந்ததும் அதே வருடம்தான்.

3

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு ஜூஜுவாடி பக்கம் ஒரு கிரிக்கெட் கிரவுண்டு இருந்தது. மெஷினில் போடாமல் என்னையும் முனிராஜையும் கிரவுண்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் வீட்டில் தெலுங்கு, என் வீட்டில் தமிழ், சூப்பர்வைசர் கெம்பண்ணா கன்னடம். மூன்றும் கலந்துதான் பிட்ச் போட்டோம்.

கெம்பண்ணாவுக்கு ஒரே சட்டம். மேட்சுக்கு முதல் நாளே தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, பிட்ச் செங்கல் மாதிரி ஆகிவிட வேண்டும். மேட்ச் அன்று ஒரு சொட்டு விழக்கூடாது. காலையில் யார் கையில் ஹோஸ் பைப்பைப் பார்த்தாலும் கத்துவார்.

"நீரு பேடா! மேட்ச் தின நீரு பேடா!"

தண்ணீர் வேண்டாம் என்று அர்த்தம். ஈரம் இருந்தால் பந்து ஒன்று படுக்கும், ஒன்று எகிறும். ஒருமுறை முனிராஜ் கைகழுவின தண்ணீரை பிட்ச் ஓரம் ஊற்றிவிட்டான். அன்று முழுக்க அவனைப் பவுண்டரிக்கு வெளியே உட்கார வைத்தார். "நான் கையத்தாங்க கழுவுனேன், காவேரியவா தெறந்துவுட்டேன்?" என்று இவன் புலம்பினான்.

பதினோரு வருடம் அந்தச் சட்டத்தில் வேலை செய்தேன். என் பிட்சில் ஒருவருக்கும் அடிபட்டதில்லை. அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

அமெரிக்காவில் இறங்கின அன்று ஏர்போர்ட்டில் ஒரு கேள்வி. மண் கொண்டு வந்திருக்கிறீர்களா? ரஹமத் இல்லை என்று தலையாட்டினாள். நான் என் ஷூவைப் பார்த்தேன். கிரவுண்டுக்குப் போட்டுப்போன கேன்வாஸ் ஷூ. அடியில் செம்மண் அப்பியிருந்தது. "யெஸ்" என்றேன். தனி அறைக்குக் கூட்டிப்போனார்கள். எங்கே மண், எந்தத் தோட்டம், மாடு மேய்த்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கடைசியில் ஷூவை மருந்துத் தண்ணீரில் கழுவி ஈரத்தோடு கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம். ஐந்து வயது நஸ்ரின் தரையிலேயே தூங்கிவிட்டாள்.

"வாய மூடிக்கிட்டு இருந்தா என்னாங்க?" என்றாள் ரஹமத்.

"இருந்துச்சி. இருக்குன்னேன்."

"நல்ல அரிச்சந்திரன்."

அன்று உண்மை சொன்னேன், ஈர ஷூ கிடைத்தது. மைதானத்தில் பொய் சொன்னேன். அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் கஷ்டம்.

4

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். எங்கள் மேஸ்திரி பெயர் டென்னிஸ். அவர் அக்கா இறந்து வெளியூர் போனார். மைதானத்தை என்னிடம் விட்டுப்போனார். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எல்லாம் படிக்க வரவில்லை. ஆனால் தண்ணீர் என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. மத்தியானம் ஒருமுறை. ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது மறுபடி நன்றாக நனைக்க வேண்டும்.

நான் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தேன். மேட்ச் அன்று தண்ணீரா? இந்த ஆளுக்குத் தெரியவில்லை, பாவம், அக்கா செத்த துக்கத்தில் ஏதோ எழுதிவிட்டார் என்று நினைத்தேன். கெம்பண்ணா குரல்தான் காதில் இருந்தது. ஒரு சொட்டு விடவில்லை. ரோலரை எடுத்து ஆறு தடவை ஓட்டினேன். தரை பளபளவென்று ஆனது. முனிராஜ் பார்த்தால் போட்டோ எடுத்திருப்பான். அப்படி இருந்தது.

ஆட்டத்துக்கு முன்னால் வில்மர் தன் இடத்துக்கு வந்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் இடது காலால் இரண்டு முறை மண்ணைக் கீறிப் பார்ப்பான். அன்றும் கீறினான். தடம் விழவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். நல்லா இருக்கு என்று.

மூன்றாவது சுற்றில் ஒரு பந்து நேராக அவனிடம் போனது. சாதாரணப் பந்து. அவன் குனிந்தான். பந்து தரையில் பட்டு, கல்லில் பட்ட மாதிரி எகிறி, முகத்தில் அடித்தது. சத்தம் எனக்குக் கேட்டது.

கன்ன எலும்பு உடைந்துவிட்டது. ரஹமத் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு வந்தவளிடம் கேட்டேன்.

"பேஷண்ட் விசயம் வெளிய சொல்லக்கூடாது. வேல போயிரும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அஞ்சு வாரம் ஆவும். மெல்லக்கூட முடியாது. இதயும் நான் சொல்லல" என்றாள்.

அதே வாரம் மேல்படி டீமில் ஷார்ட்ஸ்டாப்புக்குக் கால் முறிந்தது. எங்கள் டீமிலிருந்து ஒருவனைக் கூப்பிட்டார்கள். வில்மரைத்தான் கூப்பிட இருந்தார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் படுத்திருந்தான். அவனுக்குப் பதில் போனவன் இன்னும் அங்கேதான் ஆடுகிறான். டிவியில் வருவான். நான் சேனலை மாற்றிவிடுவேன்.

டென்னிஸ் திரும்பி வந்தார். என்னைக் கூப்பிட்டு, "ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் விட்டாயா?" என்று கேட்டார்.

விட்டேன் என்றேன்.

சேர்ந்து இரண்டு மாதம்தான். வேலை போய்விடும் என்று பயம். அவர் என்னை நம்பினார். தண்ணீர் விட்டும் எகிறியிருக்கிறது என்றால் மண்தான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தார். ஷார்ட்ஸ்டாப் இடத்தை ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டி, மூன்று லோடு புது மண் போட்டார். தோண்டினதும் சுமந்ததும் நான்தான். நல்ல மண். ஒரு குற்றமும் இல்லாத மண். தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டினேன்.

5

பிறகு வில்மர் ஆட வந்தான். முதல் ஒரு வருடம் தரையோடு வரும் பந்துக்கு முகத்தைத் திருப்பினான். கண்ணை மூடுகிறான் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு மேலே போனது. பிறகு சரியாகிவிட்டான். ஆனால் மேலே இருப்பவர்கள் அவனைப் பற்றி எழுதிவைத்தது எழுதிவைத்ததுதான்.

இடையில் ஒரு வருடம் வேறு ஊர் டீமுக்கு மாற்றினார்கள். திரும்பி வந்தான். மேலே ஒரே ஒரு முறை போனான். பதினோரு நாள். மூன்று ஆட்டத்தில்தான் ஆடவிட்டார்களாம். பந்து அவனிடம் ஒரு தரம்தான் வந்ததாம். திரும்பி வந்ததும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

"எப்படி?"

"மண்ணு நல்லா இருக்கு" என்றான்.

எனக்கும் அவனுக்கும் இங்கிலீஷ் கம்மி. தண்ணீர், வெயில், மழை, பந்து, சாப்பாடு, பொண்ணு நல்லா இருக்கா. இதற்குமேல் எங்களிடம் சொல் இல்லை. நான் சொல்ல வேண்டியதற்கும் சொல் இல்லை என்று வைத்துக்கொண்டேன். அது வசதியாக இருந்தது.

வேலையை மட்டும் செய்தேன். மற்ற இடமெல்லாம் இயந்திரம் இழுக்கிற இரும்பு வலையால் சமன் செய்வார்கள். அவன் இடத்தை நான் கைப்பலகையால் தேய்ப்பேன். தண்ணீரை மூன்று தடவையாகப் பிரித்து விடுவேன். சிறு கல் கிடந்தால் பொறுக்குவேன். அவன் இடத்தில் அதற்குப் பிறகு ஒரு பந்தும் தப்பாக எகிறவில்லை. மற்ற டீம் ஷார்ட்ஸ்டாப்கள்கூட என் கையைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். வில்மர் குலுக்க மாட்டான். தலையை மட்டும் ஆட்டுவான்.

ரஹமத்துக்கு எல்லாம் தெரியும்.

"ஏர்ப்போர்ட்டுல ஷூவுல மண்ணு இருக்குன்னு ஒத்துக்கிட்ட ஆளு நீங்க. இதுக்கு மட்டும் வாய் வரலியா?"

"எப்படிச் சொல்றது? அவனுக்கு ஸ்பானிஷ்."

"ஊட்லயே ஒருத்தி ஸ்பானிஷ் பேசிக்கிட்டு திரியறாளே."

நஸ்ரினைச் சொன்னாள். இப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் எடுத்துப் படிக்கிறாள். தோழிகளும் அதே பாஷை. தமிழைவிட அது அவளுக்கு நன்றாக வருகிறது. தமிழில் பேசினால் பாதியில் நின்று சொல் தேடுவாள். என் அம்மா போனில் பேசினால் "ம்" என்பாள், "சரிங்க" என்பாள், போனை என்னிடம் கொடுத்துவிடுவாள்.

மகள் வாயால் அதைச் சொல்லவைக்க வேண்டும். அவள் அப்பன் பொய் சொன்னான் என்று அவளுக்கும் தெரிந்துவிடும். அதற்குத்தான் ஆறு வருடம் ஆனது.

6

இந்த வருடம் வில்மருக்கு முப்பத்தொன்று. இருபது வயதுப் பையன் ஒருவன் கீழிருந்து வந்துவிட்டான். சீசன் முடிந்ததும் விட்டுவிடுகிறேன், ஊரில் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்போகிறேன் என்று வில்மர் சொல்லிவிட்டான்.

கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நஸ்ரினைக் கூட்டிக்கொண்டு போனேன். காரில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவள் போனைக் கீழே வைத்தாள்.

"டென்னிஸ்கிட்ட பொய் சொன்னீங்களா, அத்தா?"

"ஆமா."

"ஸ்கூல் ஃபார்ம்ல உங்க சைன நான் போட்டதுக்கு ஒரு மாசம் போன புடுங்கி வச்சீங்க."

"ஆமா."

"ஒரு மாசம், அத்தா."

மைதானம் வந்துவிட்டது. வண்டியை நிறுத்தினேன்.

ஆட்டத்தில் வில்மரிடம் நாலு பந்து வந்தது. நாலையும் எடுத்தான். முடிந்து கூட்டம் கலைந்ததும் அவன் தன் இடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தான். நாங்கள் போனோம்.

நான் தமிழில் சொன்னேன். நின்று நின்று சொன்னேன். அந்த நாள் நான் தண்ணி விடல. விடச்சொல்லி எழுதியிருந்துச்சி. எங்க ஊர் மாதிரின்னு நெனச்சி விடல. கேட்டதுக்கு விட்டேன்னு பொய் சொன்னேன். உன் முகம் ஒடஞ்சது என்னால. நீ மேல போகாததும் என்னால.

நஸ்ரின் கடைசி வரியில் நின்றாள்.

"இதையும் சொல்லணுமா, அத்தா?"

"சொல்லு."

சொன்னாள். வில்மர் தொப்பியைக் கழற்றினான். இடது காலால் மண்ணை இரண்டு முறை கீறினான். பிறகு பேச ஆரம்பித்தான். நிறைய பேசினான். ஆறு வருடத்தில் அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நஸ்ரின் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

"அவருக்குத் தெரியுமாம். அன்னிக்கே தெரியுமாம். கீறிப் பாத்தாராம், டிரையா இருந்துச்சாம். நீங்க தம்ஸ் அப் காட்டினீங்களாம். பைத்தியமா இந்த ஆளுன்னு நெனச்சாராம்."

"ஏன் யாருக்கும் சொல்லல? கேளு."

கேட்டாள்.

"மண்ணு டிரையா இருந்தா ரெண்டு அடி பின்னால போய் நிக்கணுமாம். அது ரூலாம். அவரு போகலையாம். பின்னால போனா... அந்த... எறியறது, த்ரோ, தூரமாயிடும். அவரு கையில பவர் பத்தாதாம். மேல இருந்து பாக்க ஆளு வந்திருந்தாங்களாம். பத்தாதுன்னு அவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு முன்னாலயே நின்னாராம். மண்ணு டிரைன்னு சொன்னா இதயும் சொல்லணும்ல, அதான் சொல்லலையாம்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வில்மர் மறுபடி ஏதோ சொன்னான். நஸ்ரின் தயங்கினாள்.

"என்னா?"

"கோவம் இருந்துச்சாம் உங்க மேல. ரெண்டு வருசம். உங்ககிட்ட பேசவே இல்லையாம்."

"தாடை வலின்னு நெனச்சேன்."

அவள் அதை அவனுக்குச் சொன்னாள். வில்மர் சிரித்துவிட்டான். உடைந்த பக்கம் கன்னம் கொஞ்சம் உள்ளே போகும், சிரிக்கும்போது.

"இப்ப?" என்று நானே அவனிடம் கேட்டேன், இங்கிலீஷில்.

அவன் கையை நீட்டினான். குலுக்கினேன். உள்ளங்கை என் உள்ளங்கை மாதிரியே இருந்தது.

7

கையை விட்டபின் வில்மர் நஸ்ரினிடம் ஒன்று கேட்டான்.

"அவங்க ஊர் கிரவுண்டு ஃபுல்லா கல்லு மாதிரியாம், அத்தா. சின்னப் பசங்களுக்கு மூஞ்சில படுதாம். தண்ணி எப்படி விடறதுன்னு காட்டச் சொல்றாரு."

"மண்ணு என்னா கலர்னு கேளு."

"செகப்பாம். உங்க ஊர் மாதிரியான்னு கேக்கறாரு."

"எங்க ஊரு மண்ணு ஏர்ப்போர்ட்ல போயிடுச்சின்னு சொல்லு."

அவள் சொன்னாளோ இல்லையோ. சிரித்தாள்.

ஹோஸ் பைப்பை இழுத்து வந்தேன். பைப்பைத் தரைக்கு நேராகப் பிடிக்கக்கூடாது. மேலே தூக்கி மழை மாதிரி விழவைக்க வேண்டும். ஒரே இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே விட வேண்டும். குட்டை கட்டக்கூடாது. நிறம் மாறினதும் நிறுத்தி, அது குடித்ததும் மறுபடி விட வேண்டும். சாவியைக் குத்திக் காட்டினேன். பைப்பை வில்மர் கையில் கொடுத்தேன். பதின்மூன்று வருடம் ஈர மண்ணில் நின்றவன், பைப்பைப் பிடிக்கத் தெரியாமல் தன் ஷூவையே நனைத்துக்கொண்டான். நஸ்ரின் அவன் பின்னால் சுருளைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

டென்னிஸ் தன் அறையிலிருந்து வந்தார். சீசன் முடிந்துவிட்டது. இனி ஏப்ரல் வரை ஆட்டம் இல்லை.

"நாளைக்கு ஆட்டம் இல்லையே. எதுக்குத் தண்ணீர்?" என்று கேட்டார்.

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். நான் சொல்கிறேன் என்று அவளுக்குச் சாடை காட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

"ஆறு வருடம் முன்னால். உங்க அக்கா இறந்த நாள். ஷார்ட்ஸ்டாப் முகம். அன்று நான் தண்ணீர் விடவில்லை. விட்டேன் என்றது பொய்."

அந்த மூன்று லோடு மண் டென்னிஸ் ஞாபகத்துக்கு வந்திருக்கும். வில்மரைப் பார்த்தார். வில்மர் பைப்பைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். பிறகு டென்னிஸ் திரும்பி, சுவர் ஓரம் இருக்கிற வால்வு பக்கம் நடந்தார். மூடப்போகிறார் என்று நினைத்தேன். மூடினால் நியாயம்தான். நாளையிலிருந்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

அவர் குனிந்து வால்வைத் திருகினார். பைப் ஒரு தரம் துள்ளியது. தண்ணீர் இன்னும் வேகமாக வந்தது.